கட்டணத்தில் அடங்கியவை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், புலி கிடையாது.
யானை கிடையாது. மான் என்று வாயைத் திறந்தாலே
பெர்ஹிலித்தான் ஆபீசில் என் லைசென்ஸ் காகிதம் நடுங்கும்.
நிபோங் திபாலில் பெரிய மிருகம் என்றால் பன்றிதான்.
நூறு கிலோ, மிஞ்சினால் நூற்றிருபது.
கோலாலம்பூரில் உங்களுக்கு யார் என்ன சொன்னார்களோ.

மாலை ஐந்துக்கு வந்துவிடுங்கள்.
சென்ட் வேண்டாம்.
பல் டாக்டர் ஹரிந்திரன் கழுத்தெல்லாம் பூசிக்கொண்டு வந்தார்.
கிரியான் ஆற்றுக்கு அந்தப் பக்கம், பேராக்கில் இருந்த பன்றிகூட
எழுந்து வேறு ஊருக்குப் போய்விட்டது.
புது பூட்சும் வேண்டாம். நடந்தால் பேசும்.

லைசென்ஸ் இருப்பவர் தன் துப்பாக்கியைச் சுடலாம்.
இல்லாதவர் டார்ச் பிடிக்கலாம்.
என்னுடையதை ஒரு நிமிடம் கொடு, படம் எடுத்துக்கொள்கிறேன்
என்று கேட்காதீர்கள்.
எனக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சவரி முன்னால் போவான். அவனுக்கும் முன்னால் நாய்கள்:
மைலோ, கோப்பி, பேர் வைக்காத ஒன்று.
அதுதான் மூன்றிலும் கெட்டிக்காரன்.
ஒரு வருடம் உயிரோடு திரும்பினால்தான் பேர்.
இது வந்து ஏழு மாதம் ஆகிறது.

செம்பனைக்குள் இருட்டு மேலிருந்து இறங்காது,
தரையிலிருந்து ஏறும்.
முதலில் உங்கள் முழங்கால் காணாமல் போகும்.
பிறகு காத்திருப்பு.
காசு கட்டுவது முக்கால்வாசி இதற்குத்தான்.
உதிர்ந்த பழம் புளித்து நாறும், அந்த நாற்றத்துக்குள் உட்காருவோம்.
கொசுவை அடிக்கக் கூடாது, குடித்து முடிக்கட்டும்.
பக்கத்தில் இருப்பவர் திடீரென்று
தன் மனைவியைப் பற்றி ஏதாவது முணுமுணுப்பார்.
இருட்டில் ஆண்களுக்கு வருவதுதான்.
காதில் விழாத மாதிரி இருங்கள்.

சலசலப்பு நீங்கள் பார்க்கிற திசையில் இருக்காது.
நான் தோளைத் தொட்டால் சுடுங்கள். தொடாவிட்டால், இல்லை.
தவறினால் வெட்கப்பட வேண்டாம்.
பட்டும் ஓடிவிட்டால்தான் வேலை.
மட்டைக் குவியல் ஒவ்வொன்றாக, விடிய விடிய,
டாக்டரானாலும் டத்தோவானாலும், குனிந்து தேடவேண்டும்.
பாதியில் வண்டிக்குத் திரும்பியவருக்கு
அப்புறம் நான் போன் எடுப்பதில்லை.

கிடைக்கும்போது அது மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்.
பக்கத்து அறையில் யாரோ குறட்டை விடுகிற மாதிரி.
உங்களைத் தயார்ப்படுத்த இதைச் சொல்லவில்லை,
எனக்கே பதினெட்டு வருடமாகத் தயார் ஆகவில்லை.
முன்கூட்டிச் சொல்லவில்லையே என்று நாளைக்குக் கேட்காதீர்கள், அவ்வளவுதான்.

நடுவில் பன்றிக் காய்ச்சல் வந்தது.
வாய்க்கால் ஓரம் வரிசையாகக் கிடந்தன.
ஒரு குண்டு செலவில்லை என்று மேனேஜர் சிரித்தார்.
ஆறு மாதம் நாய்கள் தோட்டத்தைச் சுற்றிவந்து
என் முகத்தைப் பார்க்கும்.

பத்தில் நாலு தடவை வெறுங்கை.
போன சனிக்கிழமை அப்படித்தான்.
மூன்று மணிக்குத் துப்பாக்கிகளைப் பெட்டியில் பூட்டி,
ஹைலக்சில் நான்கு பேர், ஒருவரும் பேசவில்லை.
ஜாவி டோலுக்குச் சற்று முன்னால்,
அந்த மஞ்சள் வெளிச்சத்தில்,
புல்மேட்டிலிருந்து இறங்கி வந்தாள் ஒருத்தி.
பின்னால் கோடு போட்ட குட்டிகள், ஏழு.
கோழி லாரி ஒன்று நின்றுவிட்டது. நாங்களும் நின்றோம்.
அவள் சாலையை அவசரமில்லாமல் கடந்தாள்,
கடைசிக் குட்டி கோட்டின் மேல் நின்று
மூக்கைத் தூக்கி எங்களை முகர்ந்தது.
இரண்டாயிரம் ரிங்கிட் கட்டியவர்
கண்ணாடியை மெல்ல இறக்கினார்.
பின்னால் மைலோ குரைத்தது, கோப்பி குரைத்தது.
பேர் இல்லாதது எழுந்து நின்று
பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தது.

அது ஏன் என்று சவரியும் நானும் இன்னும் பேசவில்லை.

காலையில் நாசி லெமாக் என் கணக்கு.
டோல் உங்களுடையது.